தோற்போம் என்று தெரிந்தே வரிசையில் நின்றவர்கள்

கேள்வி இதுதான்: 1960-களில் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க நடந்த முயற்சிகள், கணக்குப்படி பார்த்தால் தோல்விதானே? ஆயிரக்கணக்கானோர் போய் நின்றார்கள், சேர முடிந்தவர்கள் மிகக் கொஞ்சம். கடைசியில் 1965-ல் வாஷிங்டன் ஒரு சட்டம் போட்டது, நிலைமை மாறியது. அப்படியிருக்க அந்தப் பதிவு இயக்கத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

கணக்கு சரிதான். 1964 கோடையில் மட்டும் மிசிசிப்பியில் சுமார் 17,000 கறுப்பின மக்கள் பதிவு செய்யப் போனார்கள். ஏற்கப்பட்டவை ஏறத்தாழ 1,600. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நிலைமை இன்னும் மோசம். ஆனால் 1965 சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள்தான் அந்தச் சட்டத்துக்குச் சான்றுகளாக நின்றன. அந்தச் சான்றுகளை உருவாக்கியவர்கள் தோட்டக் கூலிகள், பஸ் ஓட்டியவர்கள், பார்லர் நடத்தியவர்கள், வீட்டு வேலை செய்த பெண்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் 'பதிவு' என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். நம் ஊரில் பட்டியல் எடுப்பது அரசின் வேலை. அதற்கென்று ஆள் வீட்டுக்கே வந்து பெயர் எழுதிக்கொண்டு போவார். அமெரிக்காவில் அன்று பெயரைச் சேர்ப்பது அவரவர் பொறுப்பு. அன்றைய தெற்கில் அதற்காகக் கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் தலைநகரில் இருக்கும் கோர்ட்டுக் கட்டடத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கே பதிவாளர் தரும் படிவத்தை நிரப்பி, அவருக்குத் திருப்தி வரும்படி பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிவாளர் வெள்ளையர். அவர் திருப்தி அடையவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

1870-ல் வந்த 15-வது சாசனத் திருத்தம், நிறத்தைக் காரணம் காட்டி யாருடைய வாக்குரிமையையும் மறுக்கக் கூடாது என்றது. கொஞ்ச காலம் அது நடைமுறையிலும் இருந்தது. அமெரிக்க செனட்டில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரான ஹைரம் ரெவல்ஸ், அதே 1870-ல் மிசிசிப்பியிலிருந்து போனவர்தான். 1877-க்குப் பிறகு கூட்டாட்சி அரசு கையை விலக்கிக்கொண்டது. 1890-ல் மிசிசிப்பி தனக்கொரு புதிய சாசனம் எழுதிக்கொண்டது. அதன் வாக்குரிமைப் பிரிவுகளில் நிறம் என்ற பேச்சே கிடையாது. ஆண்டுக்கு இரண்டு டாலர் தலைவரி கட்ட வேண்டும். சாசனத்தின் ஒரு பிரிவை வாசிக்கவோ, வாசித்துக் காட்டினால் பொருள் சொல்லவோ தெரிய வேண்டும். அவ்வளவுதான். மற்ற தெற்கு மாநிலங்களும் இதே வழியில் போயின. லூசியானாவில் 1896-ல் பட்டியலில் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-ல் 1,342 பேர்.

மிசிசிப்பியின் படிவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1950-களின் நடுவில் விதியைக் கடுமையாக்கிய பிறகு அதில் 21 கேள்விகள். பெயர், வயது, தொழில் என்று சாதாரணமாகத்தான் தொடங்கும். ஆறாவது கேள்வி: யாரிடம் வேலை செய்கிறீர்கள்? முதலாளியின் பெயரை எழுத வேண்டும். இந்த ஒரு வரியின் வேலை என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். வீடு திரும்புவதற்குள் வேலை போயிருக்கும். அப்புறம் மாநில சாசனத்தின் 285 பிரிவுகளில் பதிவாளர் விருப்பப்பட்ட ஒன்றைக் காட்டுவார். அதை அப்படியே நகலெடுத்து எழுதி, கீழே அதன் பொருளை விளக்க வேண்டும். அதற்கும் கீழே, குடிமகனின் கடமைகள் என்னவென்று ஒரு பத்தி. விளக்கம் சரியா தவறா என்று சொல்ல விடைத்தாள் எதுவும் கிடையாது. பதிவாளர் சொல்வதுதான் விடை. 1962-ல் இன்னொரு சட்டமும் வந்தது: விண்ணப்பித்தவரின் பெயரை இரண்டு வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். யார் யார் போனார்கள் என்று ஊரில் இருக்கும் எல்லா முதலாளிக்கும், வீட்டுக்காரருக்கும், வங்கிக்கும், துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும் தெரிந்துவிடும்.

எழுத்தறிவுத் தேர்வு என்று கேள்விப்படும்போது, கறுப்பின மக்களுக்குப் படிப்பு குறைவாக இருந்ததால் தோற்றார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. அலபாமாவின் டஸ்கீகியில் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர்களையே திருப்பி அனுப்பினார்கள். மறுபுறம், லூசியானாவில் சாசனத்தை விளக்கச் சொன்னபோது 'பேச்சுச் சுதந்திரம்' என்பதை மட்டும், அதையும் எழுத்துக்கு எழுத்து தப்பாக எழுதிக் கொடுத்த ஒரு வெள்ளையர் தேறினார். இது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது.

தேர்வையும் தாண்டி நிற்பது வயிறு. மிசிசிப்பி டெல்டாவில் பெரும்பாலான கறுப்பினக் குடும்பங்கள் வெள்ளையர் நிலத்தில், விளைச்சலில் பங்கு என்ற வாரமுறையில் பயிர் செய்தவர்கள். இருக்கும் வீடு முதலாளியுடையது, விதைக்கும் கடன் அவர் கொடுத்தது. வெளியே கூலிக்குப் போனால் பருத்திக் காட்டில் நாள் முழுக்க உழைத்து மூன்று டாலர். அந்தக் கூலியில் இரண்டு டாலர் தலைவரி என்றால் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 1954-ல் இதே டெல்டாவின் இண்டியனோலா ஊரில் வெள்ளையர்கள் 'குடிமக்கள் மன்றம்' தொடங்கினார்கள். ஊரின் கடைக்காரர்கள், வங்கிக்காரர்கள், தோட்ட முதலாளிகள் எல்லாம் அதில் இருந்தார்கள். அவர்களின் ஆயுதம் கடன் நிறுத்தம், வேலை நீக்கம், வீட்டைக் காலி செய்யச் சொல்வது. அதற்கும் மசியாதவர்களுக்குத் துப்பாக்கி. 1955 மே மாதம் பெல்சோனியில், மக்களைப் பட்டியலில் சேர்த்துவந்த போதகர் ஜார்ஜ் லீ காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் புரூக்ஹேவனில் லாமர் ஸ்மித் கோர்ட்டுக் கட்டடத்தின் புல்வெளியிலேயே, பட்டப்பகலில் கொல்லப்பட்டார். யாரும் தண்டிக்கப்படவில்லை.

இந்தச் சூழலில் ஒருவர் கோர்ட்டுப் படியேற முடிவெடுக்கிறார் என்றால், அதற்குமுன் அவருக்குள் நிறைய நடந்திருக்க வேண்டும். அந்த உள்வேலைக்கு ஒரு தொடக்கப்புள்ளி சொல்லச் சொன்னால் நான் தெற்கு கரோலினாவின் ஜான்ஸ் தீவைச் சொல்வேன்.

ஈசா ஜென்கின்ஸ் என்பவர் அந்தத் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் பஸ் ஓட்டினார். பயணிகளுக்கு பஸ்ஸிலேயே மாநில சாசனத்தின் பிரிவுகளைச் சொல்லிக்கொடுப்பார். மனப்பாடம் செய்தவர்களில் ஒரு பெண், தனக்கு உண்மையாகவே வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். ஜென்கின்ஸ் அந்தக் கோரிக்கையை டென்னசியில் பெரியவர்களுக்குப் பயிற்சி தந்துவந்த ஹைலேண்டர் நாட்டார் பள்ளிக்குக் கொண்டுபோனார். அங்கே செப்டிமா கிளார்க் இருந்தார். நாற்பது ஆண்டு ஆசிரியராக இருந்தவர். என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினர் என்பதற்காக 1956-ல் வேலையும் ஓய்வூதியமும் பறிக்கப்பட்டவர்.

1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் வகுப்பு தொடங்கியது. முன்னால் மளிகைக் கடை இருந்ததால் வெள்ளையர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. மொத்தம் 14 பேர். ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன், பார்லர் நடத்தியவர், தையல் தெரிந்தவர். அதற்கு முன் பெரியவர்களுக்குப் பாடம் நடத்தியதே இல்லை. அவரை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். பள்ளி ஆசிரியர் என்றால் வளர்ந்தவர்களைப் பிள்ளைகளைப்போல நடத்திவிடுவார் என்ற கவலை. அது மட்டுமில்லை, பார்லர்காரரின் வருமானம் முழுக்கக் கறுப்பின வாடிக்கையாளர்களிடமிருந்து வருவது. எந்த வெள்ளை முதலாளியும் அவரை வேலையை விட்டு நீக்க முடியாது. முதல் நாளே அவர், நான் உங்களுக்கு ஆசிரியர் இல்லை, நாம் சேர்ந்து கற்போம் என்று சொன்னார். என்ன கற்க ஆசை என்று கேட்டார். தன் பெயரைத் தானே எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும் என்றார்கள். பாடம் அதிலிருந்து தொடங்கியது. வயல் வேலை இல்லாத குளிர்காலத்தில் இரண்டு மாதம். முடிவில் பெரும்பாலோர் வாக்காளராகப் பதிவு பெற்றார்கள்.

'குடியுரிமைப் பள்ளி' என்று பெயர் பெற்ற இந்த வகுப்புகள் 1961-க்குப் பிறகு மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பின் கீழ் தெற்கு முழுக்கப் பரவின. கையெழுத்துப் போடும் இடத்தில் பெருக்கல் குறி இட்டுக்கொண்டிருந்த ஒருவர் தன் பெயரை எழுதிப் பார்க்கும் நொடிதான் இந்த இயக்கத்தின் அடித்தளம் என்று நான் நினைக்கிறேன். மேடைப் பேச்சுகளுக்கு வரலாற்றில் கிடைத்திருக்கும் இடத்தில் பாதிகூட இந்தப் பின்னறைகளுக்குக் கிடைக்கவில்லை.

சரி, மிசிசிப்பிக்கு வருவோம். 1961 கோடையில் பாப் மோசஸ் என்ற 26 வயதுக் கணித ஆசிரியர் நியூயார்க்கிலிருந்து அங்கே வந்தார். அவரை வரச்சொன்னவர் ஆம்சி மூர், டெல்டாவின் கிளீவ்லேண்டில் தபால் துறையில் வேலை பார்த்தவர். மாணவர்கள் அப்போது உணவகங்களில் சமமாக உட்காரப் போராடிக்கொண்டிருந்தார்கள். இங்கே எங்களுக்கு முதலில் வேண்டியது வாக்கு என்று மூர் சொன்னார். 'ஸ்னிக்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மாணவர் அமைப்பு இதில் இறங்கியது. வாஷிங்டனில் கென்னடி ஆட்சிக்கும் இது பிடித்திருந்தது. பஸ்களில் அடிதடி, தெருவில் மறியல் என்பதைவிட வாக்காளர் பதிவு அமைதியாக நடக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். பதிவில் இறங்கினால் அரசு பாதுகாக்கும் என்று மாணவர்களும் நம்பினார்கள். இரண்டு நம்பிக்கையும் சில வாரங்களில் உடைந்தன.

மெக்கோம் ஊரை மையமாக வைத்துச் சுற்றுக் கவுண்டிகளில் வேலை தொடங்கியது. ஆட்களை அழைத்துக்கொண்டு பதிவாளரிடம் போன மோசஸை நடுத்தெருவில் தலையில் அடித்தார்கள். அவர் ரத்தம் வழியக் கோர்ட்டுக்குப் போய்விட்டுத்தான் தையல் போடப் போனார். பக்கத்துக் கவுண்டியில் இன்னொரு இளைஞரைப் பதிவாளரே துப்பாக்கியால் தலையில் அடித்தார். அடிபட்டவரைத்தான் அமைதியைக் குலைத்தார் என்று கைது செய்தார்கள்.

ஏமைட் கவுண்டியில் ஹெர்பர்ட் லீ என்ற விவசாயி இருந்தார். பண்ணை வைத்திருந்தவர், பெரிய குடும்பஸ்தர். மோசஸைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கூட்டிப்போவார். 1961 செப்டம்பர் 24 அன்று கூட்டாட்சி அரசின் நீதித்துறை வழக்கறிஞர் ஜான் டோர் அந்தப் பகுதிக்கு வந்து, யாருக்கெல்லாம் ஆபத்து என்று விசாரித்தார். சொல்லப்பட்ட பெயர்களில் லீயின் பெயரும் இருந்தது. டோர் போனபோது லீ வீட்டில் இல்லை. மறுநாள் காலை, பருத்தி அரைக்கும் ஜின்னிங் ஆலைக்கு வெளியே, பலர் பார்க்க, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஈ.எச். ஹர்ஸ்ட் அவரைச் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்று சொல்லி உடனே விடுவிக்கப்பட்டார். லீயின் கையில் இரும்புக்கம்பி இருந்தது என்று பொய் சொல்ல வைக்கப்பட்ட சாட்சி லூயிஸ் ஆலன், பிறகு உண்மையைச் சொல்ல முன்வந்தார், பாதுகாப்பு கேட்டார், கிடைக்கவில்லை. 1964 ஜனவரி 31 இரவு, ஊரை விட்டுப் போகத் தயாராக இருந்தபோது, தன் வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்டார்.

லீயின் இறுதிச் சடங்கில் அவருடைய மனைவி மோசஸிடம் வந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, என் கணவனைக் கொன்றது நீதான் என்று கதறினார். மோசஸ் அதற்குப் பதில் சொல்லவில்லை; சொல்ல என்ன இருக்கிறது. அந்தச் சுமையோடுதான் அவர் அடுத்த மூன்று ஆண்டுகளும் மிசிசிப்பியில் வேலை செய்தார். ஊழியர்களுக்குச் சம்பளம் வாரம் பத்து டாலர், அதுவும் வந்தால்தான்.

அவர்கள் செய்த வேலையின் பெரும்பகுதி திண்ணை வேலை. ஒரு வீட்டுக்குப் போவார்கள், திண்ணையில் உட்காருவார்கள், பருத்தி எப்படி, மழை எப்படி என்று பேசுவார்கள். பதிவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அந்த அம்மா உள்ளே அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். மறுவாரம் திரும்பப் போவார்கள். ரூல்வில் ஊரில் சார்ல்ஸ் மெக்லாரின் என்ற இளைஞர் 1962 ஆகஸ்டில் வயதான மூன்று பெண்களைக் காரில் ஏற்றிக்கொண்டு இண்டியனோலா கோர்ட்டுக்குப் போனார். காரை ஓட்டிய தனக்குத்தான் நடுக்கம், அந்த மூன்று பாட்டிகளும் தலை நிமிர்ந்து படியேறிப் போனார்கள், அவர்களிடமிருந்துதான் தனக்குத் துணிவு வந்தது என்று அவர் பிறகு எழுதினார்.

அதே மாதம், அதே ரூல்வில்லில், ஒரு தேவாலயக் கூட்டத்துக்கு ஃபேனி லூ ஹேமர் போனார். வயது 44. வாரமுறையில் பயிர் செய்த குடும்பத்தில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்து, ஆறு வயதிலிருந்து பருத்தி எடுத்தவர். மார்லோ என்பவரின் தோட்டத்தில் 18 ஆண்டுகளாக வேலை. கறுப்பின மக்களுக்கு வாக்களிக்கும் உரிமை இருக்கிறது என்பதையே அன்றுதான் கேள்விப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார். யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது கையை உயர உயர்த்தினார். அவர்கள் என்னைக் கொல்லத்தானே முடியும், எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் கொஞ்சம் கொஞ்சமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பின்னாளில் விளக்கினார்.

ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலாவுக்குப் போனார்கள். ஹேமருக்குப் பதிவாளர் காட்டியது சாசனத்தின் 16-வது பிரிவு, முன்தேதியிட்டுத் தண்டிக்கும் சட்டங்கள் பற்றியது. நகலெடுத்து எழுதிவிட்டார். விளக்கச் சொன்னபோது முடியவில்லை. கிறிஸ்துமஸைப் பற்றிக் குதிரைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தனக்கு அந்தச் சட்டத்தைப் பற்றித் தெரிந்திருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. குற்றம்: பஸ்ஸின் நிறம் அளவுக்கு மீறி மஞ்சள், பள்ளிப் பேருந்துபோல இருக்கிறது. 100 டாலர் அபராதம் என்றார்கள், பேசிப் பேசி 30-க்கு இறங்கினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுச் சேர்த்தார்கள். எல்லாரும் பயந்துபோய் உட்கார்ந்திருந்தபோது ஹேமர் பாட ஆரம்பித்தார். அந்தக் குரலை அப்புறம் நாடே கேட்டது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தால், செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. பதிவைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் கிளம்பு என்றார் மார்லோ. நான் உங்களுக்காகப் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்றார் ஹேமர். அன்று இரவே வெளியேறினார். பத்து நாள் கழித்து, அவர் தங்குவார் என்று நினைத்த வீட்டுக்குள் 16 குண்டுகள் பாய்ந்தன. 1963 ஜனவரியில் மறுபடி தேர்வு எழுதித் தேறினார். ஆனாலும் வாக்களிக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுத் தலைவரி ரசீது கேட்டார்கள். அந்த ஜூனில், சார்ல்ஸ்டனில் நடந்த குடியுரிமைப் பள்ளிப் பயிற்சிக்குப் போய்த் திரும்பும் வழியில், வினோனா ஊரில் கைது செய்து, சிறையில் அடித்துத் துவைத்தார்கள். சிறுநீரகத்தில் ஏற்பட்ட காயம் வாழ்நாள் முழுக்க இருந்தது. ஜான்ஸ் தீவுப் பின்னறையில் தொடங்கியது எந்த வழியாக யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதுவே உதாரணம்.

லெஃப்லோர் கவுண்டியின் கிரீன்வுட்டில் வேறொரு வழியைப் பிடித்தார்கள். 1962-ன் இறுதியில் கவுண்டி நிர்வாகம், கூட்டாட்சி அரசு கொடுத்துவந்த உபரி உணவுப் பொருள் விநியோகத்தை நிறுத்தியது. மாவு, அரிசி, பால்பவுடர்தான். ஆனால் பருத்தி வேலை இல்லாத குளிர்காலத்தில் சுமார் 22,000 பேருக்கு அதுதான் சாப்பாடு. பதிவு இயக்கத்துக்குத் தண்டனை என்பது எல்லாருக்கும் புரிந்தது. ஸ்னிக் நாடு முழுக்க உணவு திரட்டியது. மேடைக் கலைஞர் டிக் கிரெகரி விமானத்தில் ஏழு டன் உணவு கொண்டுவந்தார். விளைவு நிர்வாகம் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது. உணவுக்கு நின்ற வரிசை பதிவுக்கு நின்ற வரிசையாக மாறியது. தோட்டத்தில் பட்டினியோடு இருப்பவருக்கு, தன் பட்டினிக்கும் தனக்கு வாக்கு இல்லாததற்கும் உள்ள தொடர்பை யாரும் பாடம் எடுத்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் கேள்வியை 1963-லேயே கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வாக்காளர் கல்வித் திட்டம் என்ற அமைப்பு நன்கொடைப் பணத்தை தெற்கு முழுக்கப் பகிர்ந்து கொடுத்துவந்தது. இரண்டரை ஆண்டில் தெற்கில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் சேர்ந்தார்கள். மிசிசிப்பியில் நாலாயிரம்கூட இல்லை. செலவுக்கேற்ற பலன் இல்லை என்று 1963 இறுதியில் அந்த மாநிலத்துக்கான பணத்தை நிறுத்திவிட்டார்கள். நிர்வாகக் கணக்கில் அது நியாயம்தான். ஆனால் மோசஸும் அவருடைய கூட்டாளிகளும் அதற்குள் வேறொரு கணக்கு போடத் தொடங்கியிருந்தார்கள். கறுப்பின மக்களுக்கு வாக்களிக்க விருப்பமில்லை என்றுதானே வெள்ளைத் தலைவர்கள் சொல்கிறார்கள்? அந்த நவம்பரில் ஒரு மாதிரித் தேர்தல் வைத்தார்கள். தேவாலயத்திலும் பார்லரிலும் முடிதிருத்தும் கடையிலும் வாக்குப்பெட்டி. 80,000 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். விருப்பமில்லை என்ற பொய் அன்றோடு செத்தது.

1964-ன் 'சுதந்திரக் கோடை' பற்றிப் பலரும் அறிந்திருப்பார்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். மிசிசிப்பியில் பதிவு வேலைக்கு உதவ வடக்கிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மாணவர்கள், பெரும்பாலும் வெள்ளையர், வந்தார்கள். இந்த வேலையில் இருந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் ஜூன் 21 அன்று காணாமல்போனார்கள். ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்கு அடியிலிருந்து உடல்கள் எடுக்கப்பட்டன. குட்மனும் ஷ்வெர்னரும் வெள்ளையர் என்பதால்தான் நாடு திரும்பிப் பார்த்தது. ஹெர்பர்ட் லீக்கு அப்படி யாரும் திரும்பவில்லை. இது அன்றைக்கே அங்கிருந்தவர்களைச் சுட்ட உண்மை. அந்த ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் முன் ஹேமர் சாட்சி சொன்னார்: பஸ், மார்லோ, 16 குண்டுகள், வினோனா சிறை எல்லாவற்றையும். அந்த ஜூனில் அவர், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் நின்றிருந்தார். தன் வாழ்வின் முதல் வாக்கைத் தனக்கே போட்டதாகப் பெருமையாகச் சொல்வார்.

அலபாமாவின் செல்மா என்றால் எல்லாருக்கும் 1965 மார்ச் 7 அன்று நடைப்பயணம் போனவர்களைப் போலீஸ் அடித்த பாலம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பாலத்துக்கு வர பல ஆண்டு ஆனது. அமீலியா பாய்ன்டனும் அவர் கணவரும் பல காலமாகவே அங்கே ஆட்களைத் தயார்ப்படுத்தி வந்தார்கள். டல்லஸ் கவுண்டியில் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள், முதல் திங்களும் மூன்றாம் திங்களும் மட்டும். 1963 அக்டோபர் 7 திங்கட்கிழமை சுமார் 350 பேர் வரிசையில் நின்றார்கள். வரிசையை விட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால் திரும்ப விடமாட்டார்கள். அவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோன இரண்டு இளைஞர்களை கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்கள் அடித்து இழுத்துப் போனார்கள். எதிரே கூட்டாட்சி அரசின் கட்டடம். அதிகாரிகள் பார்த்துக்கொண்டும் குறிப்பெடுத்துக்கொண்டும் நின்றார்கள். 1965 ஜனவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் வேலை போனாலும் போகட்டும் என்று கோர்ட்டுக்கு ஊர்வலம் போனார்கள். சிறைக்குத் தயார் என்பதற்கு அடையாளமாக அவர்கள் கையில் பல்துலக்கும் பிரஷ். பிப்ரவரியில் பக்கத்து மேரியனில், பலமுறை பதிவு செய்ய முயன்றும் முடியாத ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞரை, தாயையும் தாத்தாவையும் காக்க முயன்றபோது போலீஸ்காரர் சுட்டார். அவருடைய மரணத்திலிருந்துதான் அந்த நடைப்பயணமே பிறந்தது.

இப்போது சான்று என்று சொன்னதற்கு வருகிறேன். 1960-ல் வந்த சட்டத்தின்படி பதிவு ஆவணங்களைக் கூட்டாட்சி அரசு பார்வையிடலாம். டோரின் வழக்கறிஞர்கள் கவுண்டி கவுண்டியாகப் போய், வெள்ளையர் படிவத்தையும் கறுப்பினத்தவர் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். கறுப்பின மக்கள் போய் விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால் ஒப்பிட எதுவும் இருந்திருக்காது. வெள்ளையர் தேர்ச்சியும் இவர்கள் தோல்வியும் காகிதத்தில் இருந்ததால்தான் வழக்கு நின்றது. பாலத்தில் அடி விழுந்த மறுநாள், மார்ச் 8 அன்று, மிசிசிப்பிக்கும் லூசியானாவுக்கும் எதிரான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் கூட்டாட்சி அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதைவிட முக்கியம், வழக்கு வழக்காகப் போனால் எவ்வளவு காலமானாலும் நடக்காது என்பதும் நிரூபணமாகியிருந்தது. செல்மாவில் நான்கு ஆண்டு வழக்காடிய பிறகு பட்டியலில் கறுப்பினத்தவர் 156-லிருந்து 383 ஆனார்கள். தகுதியுள்ளவர்கள் சுமார் 15,000. 1966-ல் புதிய சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது இந்த எண்களைத்தான். நீங்கள் தோல்வி என்று சொல்லும் எண்கள்.

1965 ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுத் தேர்வுகளை அந்த மாநிலங்களில் நிறுத்தியது. பதிவாளர் மறுத்தால் கூட்டாட்சி அதிகாரியே வந்து பெயர் எழுதுவார். தேர்தல் விதியை மாற்ற வேண்டுமென்றால் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. 2013-ல் உச்ச நீதிமன்றம் முடக்கியது இந்தப் பகுதியைத்தான். மிசிசிப்பியில் 6.7 சதவீதமாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு 1967-ல் 59.8 ஆனது. இரண்டு ஆண்டில் இவ்வளவு பேர் வந்து நின்றார்கள் என்றால், அவர்களை அதற்குமுன் பல ஆண்டுகளாகத் தயார்செய்த பின்னறைகளும் திண்ணைகளும் இருந்ததால்தான். 1966-ல் செல்மா மக்கள் வாக்குப் போட்டு ஜிம் கிளார்க்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். கறுப்பினப் பகுதிகளின் ஆறு பெட்டிகளை எண்ணாமல் ஒதுக்கப் பார்த்தார்கள். நீதிமன்றம் எண்ண வைத்தது.

செல்மாவுக்குப் பக்கத்தில் லௌண்டஸ் கவுண்டி. மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. வெள்ளையர் பக்கமோ, தகுதியுள்ளவர்களின் எண்ணிக்கையைவிடப் பட்டியலில் இருந்த பெயர்கள் அதிகம். அந்த மார்ச்சில் ஜான் ஹியூலெட் என்பவரும் இன்னும் சிலரும் கோர்ட்டுக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சட்டம் வந்த பிறகு ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்தார்கள். உடனே தோட்ட முதலாளிகள் குடும்பம் குடும்பமாக வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களுக்கு 80-ம் எண் நெடுஞ்சாலையோரம் கூடாரங்கள் போட்டார்கள்; அந்தக் குளிர்காலத்தை அங்கேயே கழித்தார்கள். இரவில் சாலையில் போகும் கார்களிலிருந்து கூடாரங்களை நோக்கிச் சுடுவார்கள். அந்த மக்கள் தனிக்கட்சி தொடங்கிக் கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். 1966 நவம்பரில் எல்லா வேட்பாளர்களும் தோற்றார்கள். 1970-ல் அதே ஹியூலெட் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 22 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.